சுமப்பது தண்ணீர், ஆற்றுவது காற்று

சென்னை ரிச்சி தெருவிலோ கோவை, மதுரை கடைகளிலோ வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முதல்முறையாக வாட்டர் கூலிங் கேட்டுப் போனால், கடைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "240ஆ, 360ஆ?" வாங்கப் போனவர் பதிலுக்குக் கேட்பதும் ஒன்றுதான்: "லீக் ஆகுமா?" இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்டாக வேண்டியது வேறொன்று இருக்கிறது. பிராசஸரில் பிறக்கும் வெப்பம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது, போகிற வழியில் எந்த இடத்தில் தேங்கி நிற்கிறது? இது தெரிந்தவர் பாதிச் செலவில் வேலையை முடித்துவிடுவார். சிலர் எதையும் வாங்காமலே திரும்பிவிடுவார்கள்.

பெயரில்தான் தண்ணீர். எந்த வாட்டர் கூலரை வாங்கினாலும் வெப்பத்தைக் கடைசியாக ஏற்றுக்கொள்வது உங்கள் அறையின் காற்றுதான். தண்ணீர் அதை பிராசஸரின் தலையிலிருந்து எடுத்துப் போய், ஃபேன் பொருத்திய ரேடியேட்டரில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வருகிறது. சுமை தூக்குவதோடு அதன் வேலை முடிந்தது. அறை 36 டிகிரியில் இருந்தால் தண்ணீர் அதற்குக் கீழே ஒருபோதும் இறங்காது. "வாட்டர் கூலிங் போட்டால் ஜில்லென்று இருக்கும்" என்று யாராவது சொன்னால், அவர் ஃபிரிட்ஜையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்.

பிராசஸருக்குள் போகும் மின்சாரம் அத்தனையும் வெப்பமாகவே வெளியே வருகிறது. கணக்குப் போட்டதற்கு, படம் காட்டியதற்கு என்று அதில் எந்தக் கழிவும் கிடையாது. இன்டெலின் கோர் ஐ5-13400 உச்சகட்டத்தில் 148 வாட் இழுக்கும். 2022இல் வந்த கோர் ஐ9-13900கே 253 வாட் வரை போகும். ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட். கிராபிக்ஸ் கார்டு பக்கம் போனால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090க்கு 450 வாட்.

வாட் கணக்கை மட்டும் பார்த்தால் இவை பயமுறுத்தும் எண்கள் அல்ல. வீட்டு இஸ்திரிப் பெட்டியே ஆயிரம் வாட் எடுக்கிறது. ஆனால் அந்த ஆயிரம் வாட் ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் அடித்தகட்டில் பரவிவிடுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் விழும். ரைசன் 7 7700எக்ஸில் எட்டு கோர்களும் அடங்கிய சிலிக்கான் துண்டின் பரப்பு சுமார் 71 சதுர மில்லிமீட்டர். அதில் 105 வாட் பிறந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 வாட். இஸ்திரிப் பெட்டியைவிட முப்பது மடங்கு நெருக்கம். பெட்டி சுட வேண்டும் என்றே செய்யப்பட்டது. பிராசஸரோ 95 டிகிரிக்குள் நின்றாக வேண்டும்.

இந்த நெருக்கத்திலிருந்து வெப்பம் வெளியேறும் பாதை நீளமானது. சிலிக்கானிலிருந்து இண்டியம் கலந்த பற்றாசு, அதற்கு மேல் செம்பு மூடி, அதன் மேல் தெர்மல் பேஸ்ட், பிறகு கூலரின் செம்புத் தட்டு, தட்டிலிருந்து தண்ணீர், தண்ணீரிலிருந்து ரேடியேட்டர் தகடுகள், தகடுகளிலிருந்து காற்று. ஒவ்வொரு படியைக் கடக்கவும் வெப்பம் சில டிகிரிகளைச் சுங்கமாகக் கட்டுகிறது. அந்தச் சுங்கங்களின் கூட்டுத்தொகைதான் திரையில் நீங்கள் பார்க்கும் 'பிராசஸர் வெப்பநிலை' கழித்தல் 'அறை வெப்பநிலை'.

சுங்கம் எங்கே அதிகம்? பெரும்பாலும் இரண்டு முனைகளில். ஒன்று, சிப்பை ஒட்டிய பகுதி. பரப்பு மிகச் சிறியது என்பதால் அங்கே நெரிசல். மற்றது, ரேடியேட்டர் தகடுக்கும் காற்றுக்கும் இடையே. காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். செம்பின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 400 என்றால் தண்ணீருடையது 0.6, காற்றுடையது 0.026. நல்ல தெர்மல் பேஸ்ட் 8 அளவில் நிற்கும். அதாவது காற்றைவிட முந்நூறு மடங்கு மேல், செம்பைவிட ஐம்பது மடங்கு கீழ். எனவே பேஸ்ட்டின் வேலை மூடிக்கும் தட்டுக்கும் இடையே மாட்டிக்கொண்ட காற்றை வெளியே தள்ளுவதுதான். செம்பு செம்பைத் தொடும் இடத்தில் அது இருக்கவே கூடாது. அப்பியவர்கள் சூட்டைச் சேமிக்கிறார்கள்.

நடுவில் இருக்கும் தண்ணீர்ப் பகுதி, வாங்குகிறவர்கள் எல்லோரும் அதிகம் கவலைப்படும் பகுதி, உண்மையில் பாதையிலேயே நெரிசல் குறைந்த இடம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,186 ஜூல் வேண்டும். குழாயில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடுகிறது, பிராசஸர் 250 வாட் கொட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், பிராசஸர் மேலுள்ள தட்டுக்குள் நுழையும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் எவ்வளவு வேறுபடும்? 3.6 டிகிரிதான். பம்பின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அது 1.8 ஆகும். பெரிய பம்ப் வாங்கிப் பெறும் லாபம் பெரும்பாலும் இந்த ஒன்றிரண்டு டிகிரிதான். பிராசஸரிலிருந்து வரும் 'சுடுதண்ணீர்' கிராபிக்ஸ் கார்டுக்குப் போகலாமா, நடுவில் ஒரு ரேடியேட்டர் வைக்க வேண்டாமா என்று வரிசை பற்றி இரவெல்லாம் யோசிப்பவர்களுக்கும் இதே விடை. சுற்றில் எங்கே தொட்டாலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே சூடுதான். குழாய் எந்த வரிசையில் போனால் மடங்காமல் அழகாகப் போகுமோ, அந்த வரிசையே சரி.

இதே அளவு வெப்பத்தைக் காற்று சுமக்க வேண்டுமானால்? ஒரு லிட்டர் தண்ணீரின் வேலைக்கு ஏறக்குறைய 3,500 லிட்டர் காற்று வேண்டும். தண்ணீரின் பெருமை இதில்தான் இருக்கிறது. விரல் தடிமன் குழாயில், வளைத்து, இடம் மாற்றி, வெப்பத்தை எங்கே வேண்டுமோ அங்கே கொண்டுபோய்ப் பரப்ப முடிகிறது.

இந்த இடத்தில் ஏர் கூலரை இளக்காரமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. கோபுரம்போல் நிற்கும் நல்ல ஏர் கூலருக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. அதன் செம்புக் குழாய்கள் திடமான கம்பிகள் அல்ல, வெப்பக் குழாய்கள். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சிறிதளவு தண்ணீரை உள்ளே அடைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு கீழேயே கொதித்து ஆவியாகும். ஆவி மேலே போய்த் தகடுகளில் வெப்பத்தை விட்டுவிட்டுத் தண்ணீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் வழியே தானே கீழே ஊர்ந்து வரும். பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க சுமார் 2,260 ஜூல் வேண்டும். அதனால்தான் சில துளிகளே நூறு வாட்டைச் சுமக்கின்றன. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் 1963இல் உருவாக்கிக் காட்டிய கருவி இது. விண்கலங்களுக்குப் போய்விட்டு, இப்போது மேசைக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆக, போட்டி தண்ணீருக்கும் காற்றுக்கும் அல்ல. இருவரிடமும் தண்ணீர் உண்டு, இருவருக்கும் கடைசிப் புகலிடம் காற்று. வேறுபாடு இடமும் பரப்பும் மட்டுமே. கோபுரக் கூலர் தன் தகடுகளை பிராசஸரின் தலைக்கு மேலேயே அடுக்கியாக வேண்டும். நாக்டுவாவின் என்எச்-டி15 இரண்டு ஃபேன்களோடு 1.32 கிலோ எடை. அதைவிட வெகுவாகக் கனத்ததை மதர்போர்டில் தொங்கவிடுவது சிரமம். வாட்டர் கூலர் அதே தகடுகளைக் கேபினட்டின் விளிம்புக்குக் கொண்டுபோய் மூன்று ஃபேன் அகலத்துக்கு விரித்துக்கொள்கிறது.

தண்ணீர் எந்த இடத்தில் உதவாது என்பதற்கு ரைசன் 7 7800எக்ஸ்3டி நல்ல எடுத்துக்காட்டு. 2023இல் வந்தது, கேம் ஆடுபவர்களின் செல்லப்பிள்ளை. பெட்டியில் 120 வாட் என்று போட்டிருக்கும், ஆனால் பெரும்பாலான கேம்களில் அது 50 முதல் 80 வாட்டுக்குள்தான் எடுக்கும். இருந்தும் அதன் வெப்பநிலை சட்டென்று எகிறும். காரணம், கோர்களின் மேல் இன்னொரு அடுக்காகக் கேஷ் நினைவகத்தை ஒட்டியிருக்கிறார்கள். வெப்பம் வெளியேறும் வழியில் ஒரு மாடி எழுப்பியதுபோலாயிற்று. சுங்கத்தில் பெரும்பகுதி சிப்புக்குள்ளேயே வசூலாகிவிடுகிறது. வெளியே 360 ரேடியேட்டர் வைத்தாலும் சாதாரணக் கோபுரம் வைத்தாலும் சில டிகிரி வித்தியாசம்தான் வரும். 2024இல் வந்த 9800எக்ஸ்3டியில் ஏஎம்டி அந்தக் கேஷை கோர்களுக்குக் கீழே மாற்றி வைத்தது. அந்த இட மாற்றமே பிராசஸரைக் குளிர்ச்சியாக்கியது. எந்த ரேடியேட்டராலும் செய்ய முடியாத வேலை.

எனவே முதல் அளவுகோல் வாட். உங்கள் பிராசஸர் நீங்கள் உண்மையில் செய்யும் வேலையில் 120, 130 வாட்டுக்குள் அடங்கினால், நாலாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் இரட்டைக் கோபுர ஏர் கூலரே போதும். ரைசன் 5 7600க்கு வாட்டர் கூலர் மாட்டுவது அழகுக்காக என்றால் சரி. அறிவியல் அதற்குச் சாட்சிக்கு வராது. 200 வாட்டுக்கு மேல் மணிக்கணக்காக எடுக்கும் வேலை, அதாவது வீடியோ ரெண்டரிங், முப்பரிமாண வேலை, பெரிய மென்பொருள்களைக் கம்பைல் செய்வது போன்றவை, உங்களுடையது என்றால் தண்ணீர் பக்கம் வரலாம். அதற்கும் முன்னால் பணமே செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பயாஸில் பிராசஸரின் வாட் உச்சவரம்பைக் குறைத்துப் பாருங்கள். கடைசி ஐந்தாறு சதவீத வேகத்துக்காகத்தான் இந்தப் பெரிய பிராசஸர்கள் கடைசி எண்பது, நூறு வாட்டை விழுங்குகின்றன. ஏஎம்டியில் இதற்கு ஈகோ மோடு என்றே தனியாக வைத்திருக்கிறார்கள்.

நம் ஊருக்கென்று ஒரு கணக்கு தனியாக இருக்கிறது. கூலர்களைச் சோதித்துப் பார்க்கும் வெளிநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் நடக்கின்றன. அங்கே 72 டிகிரி காட்டிய பிராசஸர், அக்னி நட்சத்திரத்தில் 38 டிகிரி ஏறிய மாடி அறையில் 88ஐத் தொடும். கூலர் கெட்டுப்போகவில்லை, அடித்தளம் 16 டிகிரி உயர்ந்திருக்கிறது, கட்டடம் முழுக்க அதோடு சேர்ந்து உயர்ந்துவிட்டது. ஆய்வைப் படிக்கும்போது 'அறை வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி' என்ற எண்ணைத் தேடுங்கள். அதோடு உங்கள் வீட்டு மே மாதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிர்வித்தால் அறை குளிராது, ஒரு டிகிரிகூட. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டுமாக 500 வாட் எடுத்தால், கூலர் எதுவானாலும் அந்த 500 வாட்டும் அறைக்குள்தான் வரும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியது சுமார் 3,500 வாட். அதில் ஏழில் ஒரு பங்கைக் கம்ப்யூட்டர் தனியாக எடுத்துக்கொள்ளும். கதவைச் சாத்திய பத்துக்குப் பத்து அறையில் ஏசி இல்லாமல் இரவு முழுக்க ரெண்டர் போடுகிறவர் கூலருக்குச் செலவழிக்கும் காசில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கினால் அதிகப் பயன் கிடைக்கும்.

ஐஸ் கட்டி போட்டால் என்ன என்று கேட்கும் இளைஞர்கள் எப்போதும் உண்டு. கடற்கரை ஊர்களில் 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்பது சாதாரண மாலை நேரம். அந்தக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 27 டிகிரி. தண்ணீர் 27க்குக் கீழே போன மறுகணம் குழாயின் வெளிப்பக்கமும் மதர்போர்டும் வியர்க்க ஆரம்பிக்கும். லீக் ஆகாத அமைப்பிலிருந்தே தண்ணீர் சொட்டும். சாதாரண வாட்டர் கூலரில் இந்த ஆபத்து இல்லாததற்குக் காரணம், அது அறை வெப்பநிலைக்குக் கீழே போகாது என்ற அதே 'குறை'தான்.

தண்ணீரால் கணினியைக் குளிர்விப்பது கேம் ஆடுகிறவர்கள் கண்டுபிடித்த ஆடம்பரம் அல்ல. ஐபிஎம் 1960களிலேயே சிஸ்டம்/360 மாடல் 91க்குத் தண்ணீர் ஓடவிட்டது. 1980இல் அறிவித்த ஐபிஎம் 3081இல் ஒவ்வொரு சிப்பின் முதுகையும் ஒரு உலோக பிஸ்டன் தொட்டுக்கொண்டிருக்கும். இடைவெளியில் ஹீலியம், அதற்கு மேல் தண்ணீர்த் தட்டு. 1985இல் வந்த கிரே-2 இன்னும் ஒரு படி மேலே போய், மின்சாரம் கடத்தாத ஃபுளூரினெர்ட் திரவத்தில் சர்க்யூட்டுகளை அப்படியே முக்கி வைத்தது. வீட்டுக்கு இந்த வித்தை வந்தது பழைய இரும்புக் கடை வழியாக. 1998இல் இன்டெல் செலரான் 300ஏவை 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450க்கு விரட்டிய அமெரிக்க ஓவர்கிளாக்கர்கள், சில வருடங்களில் பழைய பான்டியாக் பானவில் காரின் ஹீட்டர் ரேடியேட்டரையும் மீன் தொட்டி பம்பையும் சேர்த்துக் கட்டித் தண்ணீர் ஓட்டினார்கள். டென்மார்க்கின் அசெடெக் நிறுவனம் பம்பையும் செம்புத் தட்டையும் ஒரே உருண்டைக்குள் அடைத்து, ரேடியேட்டரோடு குழாயைச் சேர்த்து முத்திரையிட்டுக் கொடுத்தது. அந்த வடிவத்தில் கார்சேர் எச்50 2009இல் கடைக்கு வந்த பிறகுதான், ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த எவரும் வாட்டர் கூலிங் போடலாம் என்றானது. ஏஐஓ என்று இன்று கடையில் சொல்வது இதைத்தான்.

முதல்முறை வாங்குகிறவருக்கு ஏஐஓ, பாகங்களை நாமே கோர்க்கும் கஸ்டம் லூப் என்ற இரண்டு வழிகளில் ஏஐஓதான் என்பது என் கட்சி. காரணங்கள் பின்னால் வரும். முதலில் அளவு.

120 என்பதை மறந்துவிடுங்கள். ஒற்றை ஃபேன் ரேடியேட்டர் நல்ல ஏர் கூலருக்கே தோற்கும். கோபுரம் நுழையாத குட்டிக் கேபினட்டுக்கு மட்டும் அது பொருந்தும். 240 என்றால் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன், 360 என்றால் மூன்று. இடையில் 280 என்ற ஒன்றைக் கடைக்காரர் சொல்லாமல் விடுவார்: இரண்டு 140 மில்லிமீட்டர் ஃபேன். சதுரம் போட்டுப் பார்த்தால் 240க்கு 28,800 சதுர மில்லிமீட்டர், 280க்கு 39,200, 360க்கு 43,200. அதாவது 280 வாங்கினால் 240ஐவிட 36 சதவீதம் பரப்பு கூடும். 360க்குப் பத்து சதவீதம்கூடக் குறையாது. கேபினட் இடம் கொடுத்தால் 280 நல்ல பேரம். தடிமனைக் கூட்டுவதைவிடப் பரப்பைக் கூட்டுவதே மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்கு ஏற்றது. தகடு தடிமனாக ஆக, காற்று நுழையத் திணறும். நுழைந்த காற்றும் பாதி வழியிலேயே சூடாகிவிடும். ரேடியேட்டர் விஷயத்தில் பழமொழி தலைகீழ்: ஆழ உழுவதைவிட அகல உழுவதே மேல்.

பரப்பைக் கூட்டுவதன் உண்மையான லாபம் டிகிரியில் இல்லை, காதில் இருக்கிறது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். அதனால் பெரிய ரேடியேட்டரில் மூன்று ஃபேன்கள் சோம்பலாகச் சுற்றுவது, சின்ன ரேடியேட்டரில் இரண்டு ஃபேன்கள் உயிரைக் கொடுத்துச் சுற்றுவதைவிட எவ்வளவோ மேல். தண்ணீருக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு, அது பதறாது. ஒரு மென்பொருளைத் திறந்த அந்த இரண்டு விநாடியில் பிராசஸர் பாய்ந்து எழும்போது ஏர் கூலரின் ஃபேனும் கூடவே உறுமும். கால் லிட்டர் தண்ணீரே இருந்தாலும் 250 வாட்டுக்கு அது ஒரு டிகிரி ஏற நான்கு விநாடி ஆகும். அந்த அவகாசத்தைப் பயன்படுத்தி, ஃபேனை பிராசஸர் வெப்பநிலையோடு கட்டாமல், தண்ணீர் வெப்பநிலையோடு கட்ட முடிந்தால் கட்டுங்கள். தண்ணீரை அளக்கும் சென்சார் இல்லாத மாடல் என்றால், ஃபேன் வேகம் மாறுவதற்குச் சில விநாடி தாமதம் வைக்கும் வசதி பெரும்பாலான மதர்போர்டுகளில் இருக்கிறது. இந்த ஒரு அமைப்பு, பம்பின் தலையில் ஓடும் குட்டித் திரைக்கும் வண்ண விளக்குகளுக்கும் கொடுக்கும் காசைவிட அதிக நிம்மதி தரும்.

எங்கே மாட்டுவது? கேபினட்டின் மேல் பக்கம், காற்று வெளியே போகும்படி வைப்பது பெரும்பாலோருக்குச் சரி. முன்பக்கம் வைத்தால் ரேடியேட்டருக்கு அறைக் காற்று நேராகக் கிடைத்து பிராசஸர் சில டிகிரி குளிரும். ஆனால் அது சூடாக்கிய காற்றைத்தான் கிராபிக்ஸ் கார்டு சுவாசிக்கும். பிராசஸரைவிட இரண்டு மடங்கு வாட் எடுக்கும் கார்டு வைத்திருப்பவர் யாருக்குச் சலுகை காட்டுவது என்று யோசித்துக்கொள்ளட்டும்.

எந்த இடமானாலும் ஒரு விதியை மீறக் கூடாது: பம்ப் சுற்றின் உச்சியில் இருக்கக் கூடாது. முத்திரையிட்டது என்றாலும் எல்லா ஏஐஓவிலும் கொஞ்சம் காற்று உண்டு. ரப்பர் குழாயின் சுவர் வழியே நீராவி அணு அணுவாகக் கசிந்துகொண்டே இருப்பதால் வருடம் ஏற ஏற அந்தக் காற்று கூடும். காற்று உயரமான இடம் தேடிப் போகும். உயரத்தில் ரேடியேட்டரின் ஒரு முனை இருந்தால் அங்கே பேசாமல் உட்கார்ந்திருக்கும். ரேடியேட்டரைக் கீழே தரையில் வைத்து பம்ப் மேலே இருந்தால், காற்று பம்புக்குள் போய்க் களகளவென்று சத்தம் போடும். தண்ணீரே உயவாக இருக்கும் அதன் அச்சு தேயும். முன்பக்கம் மாட்டும்போது குழாய்கள் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும், ரேடியேட்டரின் மேல் முனை பம்பைவிட உயரமாக இருக்கட்டும்.

இந்த நீராவிக் கசிவினால்தான் ஏஐஓவுக்கு ஆயுள் என்று ஒன்று இருக்கிறது. நல்ல நிறுவனங்கள் ஐந்து, ஆறு வருட வாரண்டி கொடுக்கின்றன. அதைத்தான் ஆயுள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஏர் கூலரில் கெட்டுப்போகக்கூடியது ஃபேன் மட்டும், மாற்றினால் தீர்ந்தது. மூன்று பிராசஸர் மாறியும் அதே கோபுரம் நிற்கும். செலவுக் கணக்குப் போடும்போது இதைச் சேர்த்துப் போடுங்கள். நல்ல 360 ஏஐஓ, ஏர் கூலரைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலை. அதையும் ஆறு வருடத்துக்கு ஒருமுறை.

இப்போது கஸ்டம் லூப். வாட்டர் பிளாக், பம்ப், ரிசர்வாயர், ரேடியேட்டர், ஃபிட்டிங்குகள், குழாய் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்கி நாமே கோர்ப்பது. பார்க்க அழகு, செய்து முடித்தவரின் பெருமிதத்தில் நியாயம் இருக்கிறது. பிராசஸரோடு கிராபிக்ஸ் கார்டையும் ஒரே சுற்றில் குளிர்வித்துக் கேபினட்டை ஏறக்குறைய மௌனமாக்க இதுதான் வழி. ஆனால் இதில் வேதியியல் நுழைந்துவிடுகிறது. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரி. மின்வேதி வரிசையில் செம்பு பிளஸ் 0.34 வோல்ட்டில், அலுமினியம் மைனஸ் 1.66 வோல்ட்டில் நிற்கின்றன. சும்மா இருக்குமா? அலுமினியம் கரைந்து, துகளாகி, வாட்டர் பிளாக்குக்குள் தலைமுடி இடைவெளியில் நிற்கும் நுண்தகடுகளை அடைத்துவிடும். ஏஐஓவிலும் செம்புத் தட்டும் அலுமினிய ரேடியேட்டரும்தான் சேர்ந்திருக்கின்றன. அரிமானத் தடுப்பான் கலந்த திரவம் முத்திரையிட்ட சுற்றுக்குள் அதைக் கட்டி வைத்திருக்கிறது. நாமே கோர்க்கும்போது ரேடியேட்டர், பிளாக், ஃபிட்டிங் எதிலும் அலுமினியம் தண்ணீரைத் தொடாமல் பார்த்து வாங்க வேண்டும். விலை மலிவு என்று கலந்து வாங்கினால் கெட்டது.

தண்ணீரும் கண்டபடி ஊற்றக் கூடாது. போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு என்ன செய்யும் என்பதை உங்கள் வீட்டு ஹீட்டரும் குழாய் முனையும் ஏற்கெனவே காட்டியிருக்கும். கேன் தண்ணீரிலும் உப்பு முழுவதும் போயிருக்காது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் அடிப்படைக்குச் சரி. ஆனால் பாசி பிடிக்காமல் ஒரு கொல்லி மருந்தும் அரிமானத் தடுப்பானும் வேண்டும். இரண்டையும் அளவோடு கலந்து விற்கும் கூலன்ட்டை வாங்கிவிடுவதே தலைவலி இல்லாதது. பால்போல், முத்துபோல் மின்னும் திரவங்கள் படம் எடுக்க மட்டும். அவற்றில் மிதக்கும் துகள்கள் நாளடைவில் படிந்து அடைக்கும். "டிஸ்டில்ட் வாட்டர் மின்சாரம் கடத்தாது, அதனால் லீக் ஆனாலும் பயமில்லை" என்ற வாதம் பாட்டிலுக்குள் இருக்கும் தண்ணீருக்கு மட்டும் உண்மை. சில வாரம் செம்பைத் தொட்டு ஓடி, மதர்போர்டின் தூசியில் விழுந்த பிறகு அது நன்றாகவே கடத்தும்.

கோர்த்து முடித்தவுடன் ஸ்விட்ச் போடக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரில் ஜம்பர் போட்டு, பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்துப் பல மணி நேரம் ஓடவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டவே கூடாது. வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வடித்துக் கழுவ வேண்டும். இதையெல்லாம் கேட்டு உற்சாகம் பிறக்கிறவருக்கு கஸ்டம் லூப் நல்ல பொழுதுபோக்கு. சலிப்பு தட்டுகிறவருக்கு அது தண்டச் செலவு. ஏர் கூலரைப்போல் பத்து மடங்கு சாதாரணமாக ஆகிவிடும்.

லீக் கேள்விக்கு வருகிறேன். பெயருள்ள நிறுவனத்தின் ஏஐஓ லீக் ஆவது அரிது. நடக்கவே நடக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. வாரண்டி அட்டையில் கூலருக்கு மட்டும் பொறுப்பா, லீக் ஆகிப் பழுதான மற்ற பாகங்களுக்கும் பொறுப்பா என்று படித்துப் பாருங்கள். சில நிறுவனங்கள் இரண்டாவதையும் ஏற்கின்றன. லீக்கைவிட அதிகமாக நடப்பது பம்ப் நின்றுபோவது. அதைப் பற்றி நடுங்க வேண்டாம். இன்றைய பிராசஸர் எல்லையைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். மின்வெட்டில் பம்ப் நின்றால் பிராசஸரும் கூடவே நிற்கிறது, கவலையில்லை.

ஏர் கூலரிலிருந்து மாறுகிறவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. கோபுரத்தின் ஃபேன் போகிற போக்கில் மதர்போர்டின் மின்சீராக்கிப் பகுதிக்கும் ரேமுக்கும் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஏஐஓ வந்ததும் அந்த இடம் காற்றில்லாத மூலையாகிவிடும். பின்பக்கம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம் இருக்கட்டும். ரேடியேட்டரில் படியும் தூசியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊதிவிடுங்கள். தூசி அடைத்த 360, சுத்தமான 240க்குத் தோற்கும்.

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் வழக்கமான வேலையை, வெயில் ஏறிய ஒரு பிற்பகலில், அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பிராசஸர் எத்தனை வாட் எடுக்கிறது, எத்தனை டிகிரியில் நிற்கிறது, வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதா என்பதை எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளே காட்டிவிடும். வேகம் குறையவில்லை, சத்தமும் தொந்தரவில்லை என்றால் எதுவும் வாங்க வேண்டாம். வாங்கத்தான் வேண்டும் என்றால் கேபினட்டின் மேல் பக்கத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சாதாரண ரேடியேட்டர் 27 மில்லிமீட்டர், ஃபேன் 25, மொத்தம் 52. அதற்குக் கீழே ரேம் முட்டாமல் நிற்க வேண்டும். கடைக்காரர் "240ஆ, 360ஆ?" என்று கேட்கும்போது அந்தச் சீட்டை நீட்டுங்கள்.